தங்காத கருவும் கருப்பையின் உட்படலமும்

பிள்ளை தங்குவதில்லை என்னும் சொல் தமிழர் வீடுகளில் நெடுங்காலமாக வழங்கி வருவது. ஒரு முறை கரு அழிந்தால் அதனைத் தற்செயலென்று கொள்வர். இரண்டாம் முறையும் அழிந்தால் சாதகத்தைப் புரட்டுவர். மூன்றாம் முறையும் அவ்வாறே நேர்ந்துவிட்டாலோ, அப்பெண்ணின் வயிற்றையே குறைகூறத் தொடங்குவர். அவள் படியேறினாள், குடம் தூக்கினாள், பப்பாசிப்பழம் தின்றாள் என்று காரணங்கள் அடுக்கப்படும். இவற்றுள் எதனையும் வாய்விட்டுச் சொல்லாதவரும், வித்து நல்லதாயினும் நிலம் பொல்லாததாயின் பயிர் விளையுமா என்று உவமை காட்டித் தம் தீர்ப்பைக் கூறிவிடுவர்.

வித்தும் நிலமும் என்னும் இவ்வுவமை பாமரர் வாயில் மட்டும் வழங்கியதன்று. கருப்பையின் உள்ளே படர்ந்திருக்கும் மெல்லிய படலத்தை நிலமென்றும், அதில் வந்து பதியும் கருவை வித்தென்றும் மருத்துவரும் நெடுங்காலம் பேசினர். ஆயின், சென்ற சில பத்தாண்டுகளில் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் இவ்வுவமையின் வலுவைப் பெரிதும் குறைத்துவிட்டன. வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு வாளா கிடக்கும் நிலமன்று உட்படலம். வருவதைச் சோதித்து ஏற்பதும் மறுப்பதும் செய்யும் வாயிற்காவலைப் போன்றது அது. மீண்டும் மீண்டும் கருவிழக்கும் பெண்களுட் சிலரிடத்து அக்காவல் கடுமையாயிருப்பதனாலன்றி, அளவுக்கு மிஞ்சி இளகியிருப்பதனாலேயே இழப்பு நேர்கின்றது என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். இக்கருத்து எவ்வாறு எழுந்தது, இதனால் நோயுற்றோர்க்கு விளையும் பயன் யாது என்பன அறியத்தக்கவை.

மாதவிடாய் முடிந்த நாட்களில் உட்படலம் 2 அல்லது 3 மில்லிமீற்றர் தடிப்பே உடையது. சூலகத்திலே சுரக்கும் ஈஸ்திரசன் என்னும் ஓமோனின் தூண்டலால் அது வளர்ந்து, சூல் வெளிப்படுங் காலத்தில் பெரும்பாலும் 8 மில்லிமீற்றருக்கு மேலாகத் தடிக்கின்றது. சூல் வெளிப்பட்ட பின்னர், அஃது இருந்த இடத்தில் மஞ்சட் சடலம் என்னும் சிறு சுரப்பி உண்டாகிப் புரோஜெஸ்தரோன் என்னும் மற்றோர் ஓமோனைச் சுரக்கின்றது. அதன் பின்பு படலத்தின் இயல்பே மாறுகின்றது. சுரப்பிகள் சத்துநீரைச் சுரக்கின்றன; சுருண்ட நாடிகள் நீள்கின்றன; இரு முனையும் ஒடுங்கியிருந்த கலங்கள் பருத்து வட்டவடிவு கொள்கின்றன. கருவை ஏற்பதற்குரிய இம்மாற்றம் எய்திய படலத்திற்கு உதிர்படலம் என்று பெயர். பிள்ளை பிறக்கும்போது உதிர்ந்து வெளியேறுவதால் அப்பெயர் பெற்றது.

புரோஜெஸ்தரோனின் பெருமையை முதலில் நிலைநாட்டியவர்கள் அமெரிக்காவில் றொச்செஸ்ரர் நகரத்து ஆராய்ச்சியாளரான ஜோர்ஜ் கோர்னரும் அவருடைய மாணவர் வில்லார்ட் அலனும் ஆவர். கருவுற்ற முயல்களின் சூலகங்களை அகற்றிவிட்டால் கரு அழிந்துபோகும். அவ்வாறு அகற்றிய பின்னரும் மஞ்சட் சடலத்தின் சாற்றை ஊசிமூலம் ஏற்றிவந்தால் கரு நிலைக்கும் என்பதை 1929 ஆம் ஆண்டில் அவர்கள் காட்டினர். 1934 ஆம் ஆண்டில் அச்சாற்றின் சாரம் தூய நிலையிற் பிரித்தெடுக்கப்பட்டது.

இதன் பின்னர் பொஸ்ரன் நகரை அடுத்த புறூக்லைனில் ஓர் அரிய முயற்சி நிகழ்ந்தது. அங்கே பெண்களுக்கான மருத்துவமனையொன்றில் ஆதர் ஹேர்ற்றிக், ஜோன் றொக் என்னும் இருவரும், 1938 ஆம் ஆண்டு தொடங்கிப் பல்லாண்டுகள், வேறு நோய்களுக்காகக் கருப்பையை அகற்றவேண்டியிருந்த இருநூறுக்கு மேற்பட்ட பெண்களின் உதவியை நாடினர். அப்பெண்கள் தம் மாதவிடாய் நாட்களையும் பிற விவரங்களையும் குறித்துக் கொடுத்தனர். அகற்றப்பட்ட கருப்பைகளில், கருவுற்று 17 நாட்களுக்குள் அடங்கிய 34 கருக்கள் கண்டெடுக்கப்பட்டன. கண்ணுக்குப் புலப்படாத அளவிலிருந்த அவற்றைக் கண்டெடுத்ததே அருஞ்செயல். அதனினும் பெரிய செய்தி, அவற்றுள் மூன்றில் ஒரு பங்குக்கு அண்மையானவை தொடக்கத்திலேயே உருக்குலைந்து, பிழைக்கும் தகுதியற்றிருந்தமையாகும். மனிதக் கருக்களுட் பல பிழைக்க மாட்டா என்பதும், அவற்றை உடல் யாரும் அறியாமலே கழித்துவிடுகின்றது என்பதும் அன்றே தெளிவாயின.

பின்னர் 1988 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினாவிலே அலன் வில்கொக்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதனைக் கணக்கிட்டுக் காட்டிற்று. பிள்ளைப்பேற்றை விரும்பிய 221 பெண்கள் நாடோறும் தம் சிறுநீரைச் சேமித்துக் கொடுத்தனர். 198 கர்ப்பங்கள் ஓமோன் அடையாளத்தால் அறியப்பட்டன. அவற்றுள் நூற்றுக்கு 22 வீதமானவை, கர்ப்பம் என்று அப்பெண்கள் உணருமுன்னரே முடிந்துபோயின. தாமதித்து வந்த மாதவிடாய் என்றே அவற்றை அவர்கள் எண்ணியிருத்தல் கூடும்.

அதே குழுவினர் 1999 ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, உட்படலத்தைப் பற்றிய ஆராய்ச்சியின் மையத்திற்கே செல்கின்றது. சூல் வெளிப்பட்ட பின் எத்தனையாம் நாளில் கரு படலத்திற் பதிகின்றது என்பதை அவர்கள் கணித்தனர். நிலைத்த கர்ப்பங்களுள் நூற்றுக்கு 84 வீதமானவை 8 ஆம், 9 ஆம், 10 ஆம் நாட்களிற் பதிந்தவை. 9 ஆம் நாளுக்குள் பதிந்த கருக்களுள் விரைவில் அழிந்தவை நூற்றுக்கு 13 மட்டுமே. 10 ஆம் நாளிற் பதிந்தவற்றில் அது 26 ஆயிற்று. 11 ஆம் நாளில் 52. அதற்கும் பிந்தியவற்றில் 82. உட்படலத்தின் கதவு மாதத்திற் சில நாட்களே திறந்திருக்கும். அக்கதவு உரிய காலத்தில் மூடாமற்போனால், பிந்தி வரும் நலிந்த கருவும் உள்ளே நுழைந்துவிடும். நுழைந்தது நெடுநாள் தங்குவதில்லை.

இவ்விடத்தில் மனித இனத்துக்குரிய ஒரு விந்தையைக் கருதவேண்டும். வீட்டில் வளர்க்கும் பசுவுக்கோ ஆட்டுக்கோ மாதவிடாய் இல்லை. பெரும்பாலான விலங்குகளில், உட்படலம் ஆழ்ந்த மாற்றம் எய்துவதாயின் கரு வந்து தன் வரவை அறிவித்த பின்னரே எய்தும். மனிதரிலும், ஆசிய ஆபிரிக்கக் குரங்கினங்களிலும், சில வௌவால்களிலும், இன்னும் மிகச்சில உயிர்களிலும் மட்டும் கரு வந்தாலும் வராவிடினும் மாதந்தோறும் படலம் தானாகவே மாற்றமெய்துகின்றது. கரு வராதபோது மாறிய படலத்தை வைத்திருக்க இயலாமையால் அது கழிகின்றது, அதுவே மாதவிடாய். இவ்வளவு செலவை உடல் ஏன் மேற்கொள்கின்றது? மனிதக் கரு ஆழ ஊடுருவும் இயல்பினது. குறையுள்ள கருக்களும் பல. ஆகவே கரு வருமுன்னரே காவலை நிறுத்திவைக்கும் முறையை மனித உடல் கைக்கொண்டது என்று அறிஞர் விளக்குவர். மாதவிடாயைத் தீட்டென்று ஒதுக்கிய காலத்தில் இவ்விளக்கம் யாருக்கும் தெரியாமற்போனது இரங்கத்தக்கதே.

காவல் என்பது வெறும் உவமையோ, மெய்யாகவே நிகழ்வதோ என்னும் கேள்விக்கு 2010 ஆம் ஆண்டளவில் விடை கிடைக்கலாயிற்று. இங்கிலாந்திலே ஜான் புரோசன்ஸ் என்னும் பேராசிரியரும் உடனாய்வோரும், உதிர்படலக் கலங்களைச் சாடியில் வளர்த்து, வளர்ச்சி குன்றிய கருக்களை அவற்றோடு வைத்துப் பார்த்தனர். மாற்றமெய்திய கலங்கள் அத்தகைய கருவை உணர்ந்தவுடன், பதிவதற்கு வேண்டிய சுரப்புக்களை அடக்கிக்கொண்டன. மாற்றமெய்தாத கலங்களுக்கு அவ்வுணர்வு இருக்கவில்லை.

இதனைத் தொடர்ந்து ஒல்லாந்து தேசத்து உத்ரெக் நகரில் நிகழ்ந்து, 2012 ஆம் ஆண்டில் வெளிவந்த சோதனை இன்னும் தெளிவானது. கலங்கள் பரந்து வளர்ந்த தட்டிலே இடையில் ஒரு வெளியை உண்டாக்கி, அவ்வெளியில் ஒரு கருவை வைத்தனர். பிள்ளை பெற்ற பெண்களின் கலங்கள், நல்ல கரு இருந்தபோது தடையின்றி அதனை நோக்கி நகர்ந்தன. குறையுள்ள கரு இருந்தபோது தம் நகர்வை அடக்கிக்கொண்டன. பன்முறை கருவிழந்த பெண்களின் கலங்களோ நல்லதையும் குறையுள்ளதையும் வேறுபடுத்தவில்லை. இரண்டையும் ஒன்றுபோலவே எதிர்கொண்டன.

சாடியில் நிகழ்வது உடலில் நிகழ்வதேயென்று உடனே முடிவுகட்டிவிட முடியாது. எனினும் மருத்துவர் நெடுநாளாகக் கண்டுவந்த ஒன்று இதனோடு பொருந்துகின்றது. பன்முறை கருவிழக்கும் பெண்களுட் பலர் எளிதிற் கருவுறுகின்றனர். புரோசன்ஸ் குழுவினர் ஆராய்ந்த 560 பெண்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 40 வீதமானோர், சராசரியாக மூன்று மாதங்களுக்குள்ளேயே கருவுற்றவர்கள். மலடியென்று ஏசப்படும் பெண்ணின் வயிறு, உண்மையில் எவரையும் விலக்காத வாயிலாக இருந்திருக்கின்றது! பிற பெண்களில் பதியாமலே கழிந்துபோயிருக்கக் கூடிய கரு, இவளிடத்தே பதிந்து, ஆறு வாரமோ எட்டு வாரமோ வளர்ந்து, நம்பிக்கையையும் வளர்த்துவிட்டு அழிகின்றது. பிறருக்குத் தெரியாமல் நிகழும் இழப்பு இவளுக்கு மட்டும் தெரிந்து நிகழ்கின்றது எனலாம்.

காவல் இளகியிருப்பது ஒரு வகை. படலம் உறுதியற்றுப்போவது மற்றொரு வகை. வாரிக் பல்கலைக்கழகத்தில் புரோசன்ஸும் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியை ஷிவோன் குவென்பியும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி இதனைப் பற்றியது. படலம் மாற்றமெய்தும்போது கலங்களுட் சில நல்ல உதிர்படலக் கலங்களாகின்றன; வேறு சில முதுமையடைந்து அயலிலுள்ளவற்றுக்கும் ஊறு செய்கின்றன. முதுமையுற்றவற்றைத் தேடி அழித்து இடத்தைத் துப்புரவாக்குவன, கருப்பையிலே பெருந்தொகையாக வந்து கூடும் இயற்கைக் கொல்லிக் கலங்கள். இப்பெயரைக் கேட்டு இக்கலங்கள் கருவைக் கொல்வன என்று அஞ்சுவோர் பலர். குருதியில் இவற்றை எண்ணிப் பார்க்கும் சோதனைக்குப் பணத்தைக் கொட்டுவோரும் உளர். குருதியில் உள்ளவை வேறு, கருப்பையில் உள்ளவை வேறு. ஒன்றின் தொகை மற்றதன் நிலையைக் காட்டாது. கருப்பையில் உள்ளவை கருவின் பகைவரல்ல, பெரும்பாலும் துணைவரே.

மாதந்தோறும் புதிய கலங்களை ஆக்கித்தர மூலக் கலங்களும் படலத்தில் இருக்கவேண்டும். பன்முறை கருவிழந்தோரிடத்து இம்மூலக் கலங்கள் குறைந்தும், முதுமையுற்ற கலங்கள் மிகுந்தும் காணப்படுகின்றன என்று 2016 ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். 2025 ஆம் ஆண்டில், 1,300 பெண்களுக்கு மேற்பட்டோரிடம் பெற்ற ஏறத்தாழ 1,500 படலத் துணுக்குகளை ஆராய்ந்து, சில பெண்களின் உட்படலம் கருவுறாத மாதங்களிலும் இக்குறையைத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றது என்று கண்டனர். அப்படியாயின், நல்ல கருவே வந்தாலும் அப்படலம் அதனைத் தாங்க மாட்டாது போகலாம்.

நோயின் காரணம் விளங்கத் தொடங்குகையில் மருந்துக்கு ஆவல் பிறப்பது இயல்பு. அந்த ஆவல் முன்னொருகால் பெருங்கேட்டை விளைத்தது. ஹேர்ற்றிக்கும் றொக்கும் பணிபுரிந்த அதே மருத்துவமனையில், ஜோர்ஜ் சிமித், ஒலிவ் சிமித் என்னும் தம்பதியர், ஈஸ்திரசனைப் போன்ற செயற்கைப் பொருளாகிய ஸ்ரில்பெஸ்ற்றோல் கருவைக் காக்கும் என்று 1940 களிற் பரிந்துரைத்தனர். அம்மருந்து பரவலாக வழங்கப்பட்டது. 1953 ஆம் ஆண்டில் சிக்காகோவில் 1,600 க்கு மேற்பட்ட பெண்களைக் கொண்டு, ஒரு பகுதியினர்க்கு மருந்தும் மறுபகுதியினர்க்கு மருந்தற்ற மாத்திரையும் கொடுத்துச் சோதித்தபோது, அதனால் யாதொரு பயனும் இல்லையென்பது தெரிந்தது. தெரிந்த பின்னரும் மருத்துவர் பலர் அதனைக் கைவிட்டாரில்லை. 1971 ஆம் ஆண்டில் பொஸ்ரனில் இளம்பெண்கள் 8 பேரிடத்து யோனியில் அரிய வகைப் புற்றுநோய் காணப்பட்டதையும், அவர்களுள் எழுவரின் தாய்மார் கருவுற்ற காலத்தில் அம்மருந்தை உட்கொண்டிருந்ததையும் மருத்துவர் வெளியிட்டனர். பயனற்றதென்று நிறுவப்பட்ட மருந்து, வயிற்றிலிருந்த பிள்ளையை இருபது ஆண்டு கழித்துத் தாக்கிற்று.

படலத்துக்கே உரிய ஓமோனாகிய புரோஜெஸ்தரோனின் வரலாறு இவ்வளவு கொடியதன்று. ஆயினும் எதிர்பார்த்த அளவு எளியதுமன்று. காரணம் தெரியாமற் பன்முறை கருவிழந்த 836 பெண்களைக் கொண்டு நடத்திய சோதனை 2015 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஓமோன் பெற்றோருள் நூற்றுக்கு 65.8 வீதமானோரும், மருந்தற்ற மாத்திரை பெற்றோருள் 63.3 வீதமானோரும் உயிருள்ள பிள்ளையைப் பெற்றனர். இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியது. பின்னர், கருவுற்ற தொடக்கத்தில் குருதி கண்ட 4,153 பெண்களைக் கொண்ட சோதனை 2019 ஆம் ஆண்டில் வந்தது. எல்லோரையும் ஒருங்கே நோக்கியபோது பயன் உறுதியாகவில்லை. ஆனால் முன்னர் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கருக்களை இழந்து, இம்முறை குருதியும் கண்டவர்களை மட்டும் நோக்கியபோது, ஓமோன் பெற்றோருள் 72 வீதமானோரும் பெறாதோருள் 57 வீதமானோரும் பிள்ளை பெற்றிருந்தனர். இதனைக் கொண்டு பிரித்தானிய மருத்துவ வழிகாட்டிகள் 2021 ஆம் ஆண்டில், முன்னர் ஒரு கருவையேனும் இழந்து இப்போது குருதி காணும் பெண்ணுக்கு இவ்வோமோனை வழங்கலாமென்று பணித்தன. குருதி காணாத பெண்ணுக்கு அவ்வாறு பணிக்கப்படவில்லை.

படலத்துண்டை நுணுக்குக்காட்டியிற் பார்த்து அதன் நாளைக் கணிக்கும் முறையொன்று 1950 ஆம் ஆண்டு முதல் நெடுங்காலம் கைக்கொள்ளப்பட்டது. நாள் பிந்திய படலமே இழப்புக்குக் காரணமென்று பலருக்கு மருத்துவம் செய்யப்பட்டது. 2004 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுகள், பிள்ளை பெற்ற பெண்களிடத்தும் அத்தகைய பிந்திய படலம் அடிக்கடி காணப்படுவதைக் காட்டின, அம்முறை செல்வாக்கிழந்தது. படலத்தைச் சிறிது கீறிவிட்டால் கரு நன்றாகப் பதியும் என்று செய்யப்பட்டதும், சோதனைக்குழாய் முறையிற் கருவுற விரும்பிய 1,364 பெண்களைக் கொண்டு ஆராயப்பட்டு, பயனற்றதென்று 2019 ஆம் ஆண்டில் அறியப்பட்டது. நீரிழிவுக்குரிய சிற்றாகிளிப்ரின் மாத்திரை படலத்தின் மூலக் கலங்களை மிகுவிக்கின்றது என்று 2020 ஆம் ஆண்டில் வாரிக் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். அச்சிறு சோதனையில் 38 பெண்களே பங்குபற்றினர். அதனை நம்பி மருந்துக்கடையில் வாங்கி உண்பது ஸ்ரில்பெஸ்ற்றோலின் கதையை மறந்தோர் செய்யும் செயலாகும்.

படலத்துக்கு ஊறு நேராமற் காப்பதும் மருத்துவமே. கருவிழந்த பின் கருப்பையைக் கூரிய கருவியாற் சுரண்டித் துப்புரவு செய்தால், சிலவேளை படலத்தின் அடித்தளமே சிதைந்து சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். யோசேப்பு அசர்மன் என்னும் மருத்துவர் இதனை 1948 ஆம் ஆண்டில் விரித்தெழுதினமையால், இது அவர் பெயராலேயே வழங்குகின்றது. மாத்திரை கொடுத்தோ, மெல்ல உறிஞ்சியெடுத்தோ, தானே வெளியேறப் பொறுத்திருந்தோ இதனைச் செய்யலாமா என்று மருத்துவரைக் கேட்பதற்குப் பெண்ணுக்கு முழு உரிமை உண்டு.

எல்லா இழப்பும் உட்படலத்தாலேயே நேர்வதென்று கொள்ளலாகாது. தொடக்கத்தில் அழியும் கருக்களுள் ஏறத்தாழ அரைவாசியில் நிறமூர்த்தக் குறை காணப்படுகின்றது. தாயின் வயது ஏற ஏற அது மிகும். குருதி உறையும் இயல்பை மாற்றும் ஒருவகைப் பிறபொருளெதிரி சிலரிடத்து உண்டு. பன்னிரண்டு வார இடைவெளியில் இரு முறை குருதியைச் சோதித்து அது உறுதியானால், அஸ்பிரினும் ஹெப்பாரினும் நல்ல பயன் தருகின்றன. தைரொயிட்டுச் சுரப்பியின் குறையும் கருப்பையின் வடிவக் குறையும் ஆராயப்படல் வேண்டும். இவையெல்லாம் ஆராயப்பட்ட பின்னரும் ஏறத்தாழப் பாதிப் பெண்களுக்குக் காரணம் புலப்படுவதில்லை. அவர்களுடைய நிலையே உட்படல ஆராய்ச்சியை வேண்டி நிற்பது. அவர்கள் மனமுடைய வேண்டியதில்லை என்பதற்கு மேற்சொன்ன 836 பெண்களின் சோதனையே சான்று. மருந்தேதும் அடங்காத மாத்திரையைப் பெற்றவர்களுள்ளும் நூறு பேரில் 63 பேர் பிள்ளையைக் கையில் ஏந்தினர்.

மூன்று முறை கருவிழந்த பெண் மருத்துவரிடம் செல்லும்போது வெறுங்கையோடு செல்லாமல், தன் குறிப்பையும் கொண்டுசெல்வது நன்று. மாதவிடாய் எத்தனை நாளுக்கொரு முறை வருகின்றது, மணமான பின் கருவுறுவதற்கு எத்தனை மாதம் சென்றது, ஒவ்வொரு கருவும் எத்தனையாம் வாரத்தில் அழிந்தது, அழியுமுன் இதயத்துடிப்புக் காணப்பட்டதா, துப்புரவு செய்யப்பட்டதா என்னும் விவரங்களை நாளிட்டு எழுதிவைத்தல் வேண்டும். அழிந்த கருவின் பகுதியைச் சோதனைக்கு அனுப்ப வாய்ப்பிருந்தால் தவறவிடலாகாது. கணவனும் உடன் செல்லவேண்டும். அவனிடமும் கேட்கவேண்டிய கேள்விகள் மருத்துவருக்கு உண்டு. புறூக்லைன் மருத்துவமனைப் பெண்கள் எண்பது ஆண்டுகளுக்கு முன் தாளிற் குறித்துக் கொடுத்த நாட்கணக்கிலிருந்தே இவ்வாராய்ச்சியிற் பெரும்பகுதி தொடங்கிற்று.